பதினைந்து விழுக்காடு போதுமா? வீட்டுப் புதுப்பிப்பில் ஒதுக்குத்தொகை: ஒரு திறனாய்வு

வீட்டைப் புதுப்பிக்க முனையும் குடும்பம், குத்தகையாளர் எழுதிக் கொடுக்கும் விலைப்புள்ளிக்கு மேல் பத்து முதல் இருபது விழுக்காடு வரையான பணத்தைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்ற அறிவுரை உலகெங்கும் வழங்குவது போலவே மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் வழங்கிவருகிறது. வேலை தொடங்கிய பிறகு வெளிப்படும் குறைகளைச் சரிசெய்வதற்காக, இன்ன வேலைக்கு என்று பெயர் குறிக்காமல் வைக்கப்படும் இப்பணம் இக்கட்டுரையில் ஒதுக்குத்தொகை எனப்படுகிறது. அரசுப் பணிகளிலும் பெரிய கட்டட ஒப்பந்தங்களிலும் நெடுங்காலமாக இருந்துவரும் ஏற்பாடு இது. அங்கே கட்டடக் கலைஞரோ பொறியாளரோ எழுத்து மூலம் ஆணையிட்டாலன்றி அதிலிருந்து ஒரு ரிங்கிட்டும் வெளியேறாது. எடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் காரணமும் அளவும் பதிவாகும். இந்த ஏற்பாடு சாதாரண வீடுகளுக்கு இறங்கி வந்தபோது தொகை வந்ததே தவிர, அதைக் கட்டுக்குள் வைத்திருந்த மேற்பார்வை உடன் வரவில்லை. அறிய இயலாதவற்றுக்கு மட்டும் பயன்படும்போது ஒதுக்குத்தொகை குடும்பத்தைக் காக்கும் கருவியாகிறது என்பதும், ஆராய்ந்திருந்தால் முன்பே தெரிந்திருக்கக் கூடியவற்றுக்கு அது செலவாகும்போது ஆராயாமல் விட்டதற்குக் கட்டும் அபராதமாகச் சுருங்கிவிடுகிறது என்பதும் இங்கு முன்வைக்கப்படும் மதிப்பீடு.

மேரு: மண்ணும் வீடுகளும்

இம்மதிப்பீட்டைச் சோதித்துப் பார்க்கக் கிள்ளான் நகருக்கு வடக்கே அமைந்துள்ள மேரு பொருத்தமான இடமாகும். 2024 பிப்ரவரி 5 அன்று நகராண்மைக் கழக நிலையிலிருந்து உயர்த்தப்பட்ட கிள்ளான் அரச மாநகர் மன்றத்தின் ஆளுகைக்குள் வரும் இவ்வட்டாரத்தில் பழைய பட்டண வீதிகள், கம்பத்து வீடுகள், வரிசை வீடுகள், அண்மைக் காலத்தில் எழுந்த குடியிருப்புகள் ஆகியவை அடுத்தடுத்து நிற்கின்றன. சுற்றுப்புறத்தில் ரப்பரும் செம்பனையும் நின்ற தோட்ட நிலங்களில் பல, பண்டார் புக்கிட் ராஜா போன்ற நகரியங்களாக மாறிவிட்டன. தோட்டங்களிலிருந்து வெளியேறிய தமிழ்க் குடும்பங்களில் பல, முதன்முதலாகத் தம் பெயரில் பெற்ற வீடு மலிவு விலை வீடாகவே இருந்தது. 1982 முதல் 1998 வரை இத்தகைய வீட்டின் உச்ச விலை நாடு முழுவதற்கும் 25,000 ரிங்கிட் என்று நிர்ணயிக்கப்பட்டிருந்ததால் வீட்டின் அளவும் அதற்கேற்பக் குறுகியே இருந்தது. பிள்ளைகள் வளர்ந்து, மருமக்கள் வந்து, குடும்பம் பெருகியபோது பின்புறத்தில் சமையலறையை நீட்டுவதும் முன்புறத்தில் கார் நிறுத்தக் கூரை போடுவதும் தவிர்க்க முடியாதவை ஆயின. ஆகவே இங்கே வீட்டைப் புதுப்பிப்பது பெரும்பாலும் அழகுக்காகச் செய்யும் ஆடம்பரமன்று. இடப் பற்றாக்குறைக்கும் கட்டடத்தின் மூப்புக்கும் குடும்பம் தேடிக்கொள்ளும் தீர்வாகும்.

இவ்வீடுகள் காலூன்றியிருக்கும் மண்ணே முதல் சிக்கலைத் தோற்றுவிக்கிறது. கிள்ளான் கடலோரச் சமவெளியின் பெரும்பகுதியில் பல மீட்டர் ஆழத்துக்கு மென்மையான கடற்களிமண் படிந்துள்ளது என்பதும், பாரம் ஏறும்போது அக்களிமண்ணிலுள்ள நீர் மெல்ல வெளியேறி நிலம் ஆண்டுக்கணக்கில் அமிழ்ந்துகொண்டே போகும் என்பதும் மண்ணியல் பொறியாளர்கள் நன்கு அறிந்த செய்திகள். மூல வீடு ஆழமாக இறக்கிய தூண்களின் மேல் நிற்க, பின்னால் நீட்டிய சமையலறை ஆழமற்ற அடித்தளத்திலோ பாக்காவ் எனப்படும் கண்டல் மரக் கம்புகளின் மேலோ நின்றால், இரண்டும் வெவ்வேறு அளவில் அமிழும். இதனால் இரண்டும் சேரும் இடத்தில் சுவர் பிளக்கிறது, தரையோடு எழும்புகிறது, கூரை இணைப்பின் வழியே மழைநீர் இறங்குகிறது. சுவரை உடைத்த பிறகுதான் தெரியவந்தது என்று சொல்லப்படும் குறைகளில் இது முதன்மையானது. ஆனால் அக்கம்பக்கத்து வீடுகளின் நீட்டிப்புகளில் ஓடும் பிளவுகளைப் பார்த்தாலே இதை ஊகித்துவிட முடியும்.

மூப்பினால் வரும் குறைகள் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் பதிக்கப்பட்ட துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள் உள்ளே துருவேறி அடைத்துக்கொள்கின்றன. விளக்கும் விசிறியும் மட்டும் ஓடிய காலத்தில் இழுக்கப்பட்ட மின்கம்பிகள், குளிர்சாதனமும் நீர்சூடேற்றியும் மின்னடுப்பும் சேர்ந்த பாரத்தைத் தாங்குவதில்லை. கூரையின் மரச் சட்டங்களைக் கறையான் அரித்திருக்கிறது. பழைய கூரைத் தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் அவற்றை அகற்றுவதற்குத் தனிக் கவனமும் தனிச் செலவும் தேவைப்படுகின்றன. மூன்றாவது வகை சட்டத்தைச் சார்ந்தது. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி, நீட்டிப்புக் கட்டுவதற்கு முன் ஊராட்சி மன்றத்திடம் வரைபடம் தந்து ஒப்புதல் பெற வேண்டும். அதற்கான கட்டணமும் வைப்புத்தொகையும் இடிபாடுகளை அள்ளிச் செல்லும் ரோரோ தொட்டியின் வாடகையும் பல விலைப்புள்ளிகளில் இடம்பெறாமல் போவதால், பின்னர் அவையும் எதிர்பாராச் செலவு என்ற பெயரைப் பெற்றுவிடுகின்றன.

வழக்கத்தின் பலம்

ஒதுக்குத்தொகையின் முதல் பலம், மனித மனத்தின் ஓர் உறுதியான பிழையை அது ஈடுசெய்ய முயல்கிறது என்பதாகும். தம் திட்டம் எல்லாம் சரியாக நடந்தால் எப்படி முடியுமோ அப்படியே முடியும் என்று கருதிக்கொண்டு, ஒத்த திட்டங்கள் பிறருக்கு எப்படி முடிந்தன என்பதைக் கணக்கில் கொள்ளாத இப்போக்கினை டேனியல் கானமனும் ஏமோஸ் டிவெர்ஸ்கியும் 1979இல் திட்டமிடல் மாயை என்ற கருத்தாக வரையறுத்தனர். சமையலறையைப் புதுப்பித்த அமெரிக்க வீட்டுக்காரர்களிடம் 2002இல் எடுக்கப்பட்ட ஆய்வு ஒன்றைக் கானமன் பின்னர் தம் நூலில் எடுத்துக்காட்டினார். அவர்கள் சராசரியாக எதிர்பார்த்த செலவு 18,658 டாலர், முடிவில் கொடுத்ததோ 38,769 டாலர். விலைப்புள்ளியை இறுதி விலையாக எண்ணிக்கொள்ளும் குடும்பத்துக்கு, அது ஒரு தொடக்க விலை மட்டுமே என்பதைப் பண வடிவில் நினைவூட்டும் எளிய வழி ஒதுக்குத்தொகைதான்.

இரண்டாவது பலம் வேலையின் தொடர்ச்சியைச் சார்ந்தது. பாதியில் நின்ற வீட்டுவேலை வெறுமனே தாமதமான வேலை அன்று. கூரை திறந்து கிடக்கும்போது கிள்ளானின் பிற்பகல் மழை உள்ளே இறங்குகிறது, ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள், அவர்களைத் திரும்ப அழைக்கக் கூடுதல் கூலி தேவைப்படுகிறது. தீபாவளிக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று தொடங்கப்படும் வேலைகளில் இந்த நெருக்கடி இன்னும் கூர்மையடைகிறது. கையில் பணம் இல்லாத வீட்டுக்காரர், மறைந்திருந்த பழைய மின்கம்பியை மாற்றாமல் அதன் மேலேயே சிமெண்டு பூசச் சம்மதிக்க நேர்கிறது. ஒதுக்குத்தொகை அவருக்கு, பதிவு பெற்ற மின்கம்பியாளரை அழைத்து முறையாகச் செய்யுங்கள் என்று சொல்லும் துணிவைத் தருகிறது. பாதுகாப்பை விட்டுக்கொடுக்காமல் இருக்கச் செய்வதே இதன் மிகப் பெரிய நன்மை என்று கூறலாம்.

மூன்றாவது பலம் கடனின் விலையோடு ஒப்பிடும்போது தெளிவாகிறது. மலேசியாவில் கடன் அட்டையின் நிலுவைக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை வட்டி விதிக்கப்படுகிறது. அவசரத்தில் 8,000 ரிங்கிட்டை அட்டையில் ஏற்றினால் முதல் மாதத்திலேயே ஏறத்தாழ 120 ரிங்கிட் வட்டியாகப் போகும். உரிமம் பெற்ற வட்டிக்கடன் வழங்குநரிடம் ஈடின்றி வாங்கும் கடனுக்கும் 1951ஆம் ஆண்டின் சட்டம் ஆண்டுக்கு 18 விழுக்காட்டையே உச்சவரம்பாக வைத்துள்ளது. இதற்கு எதிர்ப்பக்கத்தில், சேமித்த பணத்தைச் செலவிடும்போது இழக்க நேர்வது அப்பணம் ஈட்டியிருக்கக்கூடிய வருமானம் மட்டுமே. ஊழியர் சேமநிதி வாரியம் 2024ஆம் ஆண்டுக்கு அறிவித்த 6.3 விழுக்காட்டு இலாப ஈவை அளவுகோலாகக் கொண்டாலும், அதே 8,000 ரிங்கிட்டுக்கு ஓராண்டு முழுவதற்கும் இழப்பு 504 ரிங்கிட்தான். அட்டை வட்டியோ ஐந்தாவது மாதத்திற்குள் அத்தொகையைத் தாண்டிவிடும்.

வழக்கத்தின் குறைகள்

இத்தனை நன்மைகள் இருந்தும், வழக்கில் உள்ள வடிவில் ஒதுக்குத்தொகை பல குறைகளைக் கொண்டிருக்கிறது. அவற்றுள் அடிப்படையானது ஒரே விழுக்காட்டை எல்லா வீட்டுக்கும் பொருத்தும் போக்கு. கணக்கைத் தெளிவுபடுத்துவதற்காக மட்டும் இரண்டு வீடுகளைக் கற்பனை செய்துகொள்ளலாம். பத்தாண்டுப் பழமையான வீட்டில் தரையோடும் அலமாரியும் மாற்றும் வேலைக்கு 40,000 ரிங்கிட்டும், முப்பத்தைந்து ஆண்டுப் பழமையான வீட்டில் பின்சுவரை உடைத்துச் சமையலறையை நீட்டும் வேலைக்கு அதே 40,000 ரிங்கிட்டும் விலைப்புள்ளியாக இருந்தால், பதினைந்து விழுக்காடு என்ற விதி இரண்டுக்கும் 6,000 ரிங்கிட்டையே ஒதுக்கச் சொல்லும். வேலையைக் கூறுகளாகப் பிரித்தால் விடை மாறுகிறது. முதல் வீட்டின் வேலைகள் யாவும் கண்ணுக்குத் தெரிபவை. ஆதலால் ஐந்து விழுக்காடு, அதாவது 2,000 ரிங்கிட், போதுமானது. இரண்டாவது வீட்டில் 16,000 ரிங்கிட் பெறும் அடித்தள, சுவர் வேலைக்கு முப்பது விழுக்காடும், 10,000 ரிங்கிட் பெறும் குழாய், மின்கம்பி வேலைக்கு இருபத்தைந்து விழுக்காடும், எஞ்சிய 14,000 ரிங்கிட்டுக்கான தரையோடு, வண்ணப்பூச்சு வேலைக்கு ஐந்து விழுக்காடும் என்று வைத்தால், 4,800, 2,500, 700 ஆகியவை சேர்ந்து 8,000 ரிங்கிட் ஆகிறது. பொது விதி முதல் குடும்பத்தின் பணத்தைத் தேவையின்றி முடக்குகிறது. இரண்டாவது குடும்பத்துக்கோ ஆதாரமற்ற நிம்மதியைத் தருகிறது.

இரண்டாவது குறை, ஒதுக்கப்பட்ட பணம் செலவழிந்தே தீர வேண்டும் என்பது போல நடந்துகொள்வதாகும். கிடைக்கும் நேரம் முழுவதையும் நிரப்பும் வரை வேலை விரிந்துகொண்டே போகும் என்ற புகழ்பெற்ற கூற்றை 1955இல் 'தி எக்கனாமிஸ்ட்' இதழில் வெளியிட்ட நார்த்கோட் பார்க்கின்சன், அக்காலத்தில் சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராகப் பணியாற்றியவர். நேரத்தைப் பற்றி அவர் கூறியது வீட்டுவேலையில் பணத்துக்கும் பொருந்துகிறது. ஒதுக்குத்தொகை இருப்பதை அறிந்த குத்தகையாளர், ஒப்பந்தத்துக்கு வெளியே சேர்க்கப்படும் மாற்றுப்பணிகளை எளிதாக முன்மொழிகிறார். பணம் இருப்பதை அறிந்த குடும்பமும், சாதாரண ஓட்டுக்குப் பதில் கிரானைட் பலகை போடலாமே என்று மனம் மாறுகிறது. மேலே சுட்டிய அமெரிக்க ஆய்வில் எதிர்பார்ப்புக்கும் உண்மைச் செலவுக்கும் இடையே இருந்த 20,111 டாலர் வேறுபாட்டை நோக்கினால், எதிர்பார்த்த செலவில் இருபது விழுக்காடான சுமார் 3,730 டாலர் அதில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட நிரப்பாது. இத்தகைய இரட்டிப்பை மறைந்திருந்த குழாய்களும் கம்பிகளும் மட்டுமே உண்டாக்கியிருக்க முடியாது. விருப்பங்களின் பெருக்கமும் அதில் கலந்திருக்க வேண்டும். விருப்பத்தின் வளர்ச்சிக்கும் விபத்துக்கும் ஒரே பையிலிருந்து பணம் எடுக்கும் வரை எந்த விழுக்காடும் போதாது.

மூன்றாவது குறை, ஆய்வுக்குப் பதிலாகப் பணத்தை வைக்கும் மனப்பாங்கு. கூரையின் உட்பகுதியில் ஏறிப் பார்ப்பது, நீரழுத்தத்தைச் சோதிப்பது, மின்பலகையைத் திறந்து பார்ப்பது, நீட்டிப்பு வரும் இடத்தில் சிறு குழி தோண்டி மண்ணையும் பழைய அடித்தளத்தையும் காண்பது ஆகியவற்றுக்கு ஆகும் செலவு, வேலை நடுவே அக்குறைகளைக் கண்டு திருத்தும் செலவைவிடப் பெரும்பாலும் மிகக் குறைவு. எதற்கும் கொஞ்சம் பணம் இருக்கிறது என்ற எண்ணம் இச்சோதனைகளைத் தள்ளிப்போடச் செய்கிறது. ஒப்புதல் பெறாத நீட்டிப்பை இடிக்கும்படி மன்றம் ஆணையிட்டால் ஏற்படும் இழப்பை எந்த ஒதுக்குத்தொகையும் ஈடுகட்டாது. அது தெரிந்தே தவிர்க்கப்பட்ட ஒரு நடைமுறையின் விளைவேயன்றி எதிர்பாரா நிகழ்வன்று.

நான்காவது குறை, வெவ்வேறு இடர்களை ஒதுக்குத்தொகை என்ற ஒரே பெயருக்குள் அடைப்பதில் உள்ளது. வெள்ளம் இதற்குத் தெளிவான சான்றாகும். 2021 டிசம்பர் நடுவில் பெய்த பெருமழையால் கிள்ளானிலும் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் பல வீடுகள் நீரில் மூழ்கின. அப்பருவத்து வெள்ளத்தால் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 6.1 பில்லியன் ரிங்கிட் என்றும், அதில் குடியிருப்புகளுக்கு நேர்ந்தது 1.6 பில்லியன் ரிங்கிட் என்றும் புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது. இவ்வளவு பெரிய இடருக்கு ஒரு குடும்பத்தின் சேமிப்பு ஈடாகாது; பலரிடையே பகிரப்படும் காப்புறுதியே அதற்கு உரிய வழி. வழக்கமான தீக்காப்புறுதியில் வெள்ளத்துக்கான பாதுகாப்பு கூடுதல் சந்தா செலுத்திச் சேர்த்துக்கொண்டாலன்றி அடங்குவதில்லை. குத்தகையாளரின் தரக்குறைவும் இவ்வாறே வேறு வகை இடராகும். புதிய வீடுகளுக்கான சட்டப்படியான விற்பனை ஒப்பந்தத்தில் விலையின் ஐந்து விழுக்காடு வழக்கறிஞரிடம் நிறுத்தி வைக்கப்பட்டு, வீடு ஒப்படைத்த எட்டாவது மாத இறுதியில் பாதியும் இருபத்து நான்காவது மாத இறுதியில் மீதியும் மேம்பாட்டாளருக்கு விடுவிக்கப்படுகின்றன. நிறுத்திவைப்புத் தொகை என்னும் இம்முறை, குறையைச் சரிசெய்யும் சுமையைச் செய்தவர் மேலேயே வைக்கிறது. வீட்டுப் புதுப்பிப்பில் இத்தகைய கட்டாயம் இல்லாததால், பலர் குத்தகையாளருக்கு முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு, அவர் செய்த பிழையைத் தம் ஒதுக்குத்தொகையிலிருந்தே திருத்துகிறார்கள்.

ஐந்தாவது குறை சமூகத் தன்மை உடையது. எவருடைய வீடு மிகப் பழையதோ, எவருடைய நீட்டிப்பு மிக மலிவாகக் கட்டப்பட்டதோ அவருக்கே பெரிய ஒதுக்குத்தொகை தேவை. ஆனால் அதைச் சேர்க்கும் வசதி அவரிடம்தான் மிகக் குறைவு. இவ்விடைவெளியை நிரப்பத் தமிழ்க் குடும்பங்கள் நகையை அடகு வைப்பதும் கூட்டுப் பணம் கட்டுவதும் நெடுநாளைய பழக்கம். கூட்டு நடத்துவதைத் தொழிலாகக் கொள்வதை 1971ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டம் தடைசெய்துள்ளதால், நடத்துபவர் ஏமாற்றினால் கட்டியவர்களுக்கு உறுதியான புகலிடம் இல்லை. அது ஒருபுறமிருக்க, கூட்டுப் பணம் முறை வரும்போதுதான் கைக்குக் கிடைக்கும். சுவரின் பிளவோ முறை பார்த்து வருவதில்லை. திட்டமிட்ட வேலைக்கு முதல் சேர்க்க அது உதவலாமேயன்றி, திடீர்ச் செலவுக்கான ஒதுக்குத்தொகையின் இடத்தை நிரப்ப முடியாது. 2024 மே மாதம் முதல் ஊழியர் சேமநிதிச் சந்தாவில் பத்து விழுக்காடு சென்று சேரும் நெகிழ்வுக் கணக்கிலிருந்து எந்தக் காரணத்துக்கும் எந்நேரமும் பணம் எடுக்கலாம் என்ற ஏற்பாடு இவ்வகையில் ஒரு வாயிலைத் திறந்துள்ளது. எனினும், முதுமைக்கான சேமிப்பிலிருந்து சுவருக்குப் பணம் போவது ஒரு பாதுகாப்பைக் குறைத்து மற்றொன்றைக் கூட்டுவதே என்பதையும் மறுக்க இயலாது.

திருத்தத்துக்கான அடிப்படைகள்

இக்குறைகள் வழக்கத்தைக் கைவிடுவதற்குக் காரணமாகா. அதன் அளவையும் எல்லையையும் மாற்றியமைப்பதற்கே காரணமாகின்றன. முதலாவதாக, விழுக்காட்டை முடிவு செய்வதற்கு முன்னர் ஆய்வு நடைபெற வேண்டும். அதற்கு ஆகும் தொகை ஒதுக்குத்தொகையிலிருந்து எடுக்கப்படாமல் மூலச் செலவிலேயே ஒரு வரியாக இடம்பெற வேண்டும். ஒப்புதல் கட்டணமும் இடிபாடு அகற்றும் செலவும் அவ்வாறே விலைப்புள்ளிக்குள் கொண்டுவரப்பட வேண்டும். இரண்டாவதாக, ஆய்வுக்குப் பின்னும் காண முடியாமல் எஞ்சும் கூறுகளுக்கு மட்டும், கூறுக்குக் கூறு வேறுபட்ட விழுக்காட்டில், ஒதுக்குத்தொகை கணக்கிடப்பட வேண்டும். மூன்றாவதாக, மனமாற்றத்துக்கென்று ஒரு சிறு தொகை தனியாக இருப்பது நல்லது. அது தீர்ந்த பிறகு எழும் ஆசைகள் அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கலாம். நான்காவதாக, குத்தகையாளருக்குச் சேர வேண்டிய இறுதித் தவணையின் ஒரு பகுதியைச் சில மாதங்கள் நிறுத்தி வைப்பதற்கு ஒப்பந்தத்திலேயே இடம் செய்துகொண்டால், அவருடைய பிழையும் மண்ணின் இயல்பும் ஒரே கணக்கில் கலக்காது.

இவை யாவும் எழுத்தில் இருந்தால்தான் செல்லுபடியாகும். கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற குத்தகையாளர்களுள் மிகச் சிறிய பிரிவான ஜி1 தரத்தினர்கூட 200,000 ரிங்கிட் வரையான வேலைகளை ஏற்க முடியும் என்பதால், சாதாரண வீட்டுவேலைக்குப் பதிவு பெற்றவரை நாடுவது நடக்காத காரியமன்று. சர்ச்சை எழுந்தால் 50,000 ரிங்கிட் வரையான கோரிக்கைகளை வழக்கறிஞர் இன்றியே விசாரிக்கும் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. ஆனால் வாய்மொழியாக ஒப்புக்கொண்ட மாற்றுப்பணிகளை அங்கே நிறுவுவது கடினம். ஆகவே ஒதுக்குத்தொகையிலிருந்து பணம் எடுக்கப்படும் ஒவ்வொரு முறையும், என்ன குறை கண்டறியப்பட்டது, அதைச் சரிசெய்ய என்ன விலை ஒப்புக்கொள்ளப்பட்டது, யார் ஒப்பமிட்டார் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்வது, பெரிய ஒப்பந்தங்களிலிருந்து வீட்டுக்கு வராமல் விடுபட்டுப்போன மேற்பார்வையைச் சிறிய அளவிலேனும் மீட்டெடுக்கும்.

எனவே பதினைந்து விழுக்காடு போதுமா என்ற கேள்விக்கு எல்லா வீட்டுக்கும் பொருந்தும் விடை கிடையாது. கடற்களிமண்ணின் மேல் நிற்கும் முப்பத்தைந்து ஆண்டு வீட்டுக்கு அது குறைவு. பத்தாண்டு வீட்டின் ஓடு மாற்றத்துக்கு அது மிகுதி. ஒதுக்குத்தொகையின் பெருமை அதன் அளவில் இல்லை. வேலை முடிந்த நாளில் அதில் எவ்வளவு மிஞ்சியது, செலவான ஒவ்வொரு ரிங்கிட்டுக்கும் முன்கூட்டி அறிய முடியாத ஒரு காரணத்தைக் காட்ட முடிகிறதா என்னும் இரண்டு கேள்விகளே அது சரியாக வைக்கப்பட்டதா என்பதைத் தீர்மானிக்கும். அக்காரணங்களைக் காட்ட முடியாத குடும்பத்துக்கு, அடுத்த முறை விழுக்காட்டை உயர்த்துவதைவிட ஆய்வைக் கூட்டுவதே பயன் தரும்.